நூற்றுப் பதினேழாம் வாய்

பெற்ற மகளின் பல் சுத்தமாகிவிட்டது என்பதற்காக ஒரு தாயை நிறுத்தி வைத்து விசாரிப்பார்களா? செண்பகவல்லியை விசாரித்தார்கள். அதுவும் பல் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவளை!

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். 2041ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. தலைமையாசிரியரைப் பக்குவமாக வெளியே அனுப்பிவிட்டு அவர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டாக்டர் ஹெலன் பர்னாந்து, பல் மருத்துவப் பேராசிரியை, தூத்துக்குடிக்காரர், இந்த ஆராய்ச்சிக்குத் தலைவி. இன்னொருவர் ரகோத்தமன், மருந்து தயாரித்த கம்பெனி சென்னையிலிருந்து அனுப்பிய ஆள். மூன்றாவது செண்பகவல்லி. வாரா வாரம் பிள்ளைகளின் பல்லில் அழுக்கு எவ்வளவு என்று பார்த்து மதிப்பெண் போடுகிறவள் அவள்தான்.

சுவரில் இருந்த திரையில் நான்கு கோடுகள் ஓடின, பல்லில் அழுக்குக் கூடினால் மேலே, குறைந்தால் கீழே.

"பாருங்க மேடம்," என்றார் ரகோத்தமன். "முதல் வாரம் நாலு கோடும் மேலே இருக்கு. நாலாவது வாரம் சிவப்பும் மஞ்சளும் கீழே இறங்குது. அது வரைக்கும் சரி. எட்டாவது வாரம் நாலும் ஒரே இடத்துல வந்து நிக்குது. உப்புத்தண்ணி கூட! உப்புத்தண்ணியிலயே பல்லு இவ்வளவு சுத்தமாகும்னா நாங்க கம்பெனியை இழுத்துப் பூட்டிட்டு உப்பு விக்கப் போயிடலாம்."

எங்கே கொண்டுபோய் முடிக்கப் போகிறார் என்று செண்பகவல்லிக்குப் புரிந்துவிட்டது.

ஆராய்ச்சி இதுதான். இருநூறு பிள்ளைகள், நான்கு வகை வாய் கொப்பளிக்கும் மருந்து, வகைக்கு ஐம்பது பேர். சிவப்பு மூடியில் பல் டாக்டர்கள் காலங்காலமாக எழுதிக் கொடுக்கிற மருந்து. வேலை செய்யும், ஆனால் பல்லில் பழுப்புக் கறை ஏற்றிவிடும், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நாக்கில் வித்தியாசம் தெரியாது. நீல மூடியில் கடையில் விற்கிற கார மருந்து. பிள்ளைகள் கண்ணில் தண்ணீர் வரக் கொப்பளித்தார்கள். பச்சை மூடியில் வெறும் உப்புத்தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே, அதற்காக. மஞ்சள் மூடியில்தான் புதுச்சரக்கு.

மஞ்சள் புட்டிக்குள் இருந்தது மருந்தே இல்லை, உயிர். பல்லின் மேல் வழவழவென்று படிகிற படலத்தை டாக்டர்கள் என்னவெல்லாமோ பெயர் சொல்லி அழைப்பார்கள். கரிசக்காட்டில் அதற்குப் பேர் ஊத்தை. கிருமிகள் பசை போட்டுப் பல்லில் ஒட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிற இடம் அது. பல்லை அரிக்கும் புளிப்பும் ஈறை வீங்க வைக்கும் விஷமும் அங்கிருந்துதான் வருகின்றன. மஞ்சள் புட்டியில் இருந்த நுண்ணுயிர் அந்தப் பசையைத் தின்றுவிடும். தின்றுவிட்டு அந்த வாயிலேயே சமர்த்தாக இருக்கும். 'காற்றுப் பட்டால் இருபது நொடியில் செத்துவிடும், ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகவே போகாது' என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. டம்ளர், கரண்டி, இருமல், தும்மல் எல்லாவற்றையும் சோதித்தாகிவிட்டதாம்.

யாருக்கு எந்த மூடி என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. அது ரகசியமாக இருக்க வேண்டும் என்று விதி. ரகசியமாவது ஒன்றாவது! பச்சை மூடிக்காரர்கள் முதல் நாளே "எங்களுக்கு மட்டும் உப்புத்தண்ணிய ஊத்தி ஏமாத்துறாக" என்று பள்ளிக்கூடமே அதிரக் கத்திவிட்டார்கள். அந்தக் கத்தலில் நாலாம் வகுப்புக் கவின்மலரின் குரலும் இருந்தது. கவின்மலர் செண்பகவல்லியின் ஒரே மகள்.

"உங்க பொண்ணு பச்சை மூடி," என்றார் ரகோத்தமன். "முதல் வாரம் அஞ்சுக்கு மூணே முக்கால். போன வாரம் அரை. கேமரா எடுத்த படம் இருக்கு, அதனால நீங்க எண்ணைத் திருத்தினீங்கன்னு சொல்லலை. ஆனா புட்டி வச்ச அலமாரியோட சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"நான் மாத்திக் கொடுத்தேன்னு சொல்றீங்களா?"

"வேற எப்படி நடந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். இல்லேன்னா ஆராய்ச்சியை நிறுத்திட்டு மஞ்சள் புட்டி மொத்தத்தையும் அழிச்சிடுவோம். உங்க பேர்ல டென்டல் கவுன்சிலுக்கு எழுத வேண்டியிருக்கும். அப்புறம் நீங்க எந்த ஆஸ்பத்திரியிலயும் இந்த வேலை பார்க்க முடியாது."

டாக்டர் ஹெலன் எதுவும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் அவரோடு வேலை பார்த்தவள் செண்பகவல்லி. அந்த மௌனம்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது. அலமாரிச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுக் கொதிப்போடு எழுந்து வந்தாள்.

அவள் ஏன் அப்படிக் கொதித்தாள் என்பதற்குக் காரணம் உண்டு. குலுக்கல் நடந்த அன்று, மகளுக்குப் பச்சை என்று தெரிந்ததும், அவள் அலமாரியைத் திறந்து ஒரு மஞ்சள் புட்டியைக் கையில் எடுத்தது நிஜம். ஒரு நிமிஷம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நிஜம். கவின்மலருக்கு இரண்டு கடைவாய்ப் பல் சொத்தை, ராத்திரியெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுத பிள்ளை. எந்தத் தாய்க்குத்தான் மனசு கேட்கும்? இருந்தும் இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினாள். மனசுக்குள் திருடியது உண்டு, கையால் திருடவில்லை. அப்படியிருக்க, திருடி என்று பேர் வாங்கினால் வயிறு எரியாதா?

செவ்வாய் முழுக்க யோசித்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. புதன்கிழமை மதிப்பெண் போடுகிற நாள். அவளுக்குப் பதில் கல்லூரியிலிருந்து வேறொரு பெண் வந்து பிள்ளைகளின் பல்லில் சிவப்புச் சாயத்தைத் தடவினாள். தடவிக் கொப்பளித்த பிறகு எங்கே ஊத்தை இருக்கிறதோ அங்கே மட்டும் சாயம் நிற்கும். உதட்டிலும் நாக்கிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரைக்கும் போகாது. இந்த ஆராய்ச்சி பற்றித் தாய்மார்கள் இதுவரை சொன்ன ஒரே குறை அந்தச் சாயம்தான். "புதங்கிழமையானா சட்டை நுனியெல்லாம் ரோஸ் கலரு, எத்தனை தடவ கசக்கினாலும் போகமாட்டேங்குது" என்று வாசலில் மடக்கிக் கேட்பார்கள். "வாயைச் சட்டையில தொடைக்காதீகன்னு சொல்லுங்கக்கா" என்று செண்பகவல்லியும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் கவின்மலருக்குச் சாப்பாடு கொண்டு போனவள் வகுப்பு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்ட கையோடு மகள் வெளியே ஓடி ஒரு கடலைமிட்டாய்த் துண்டோடு திரும்பினாள். சுற்றி நாலு தோழிகள். கவின்மலர் மிட்டாயைச் சட்டை நுனிக்குள் வைத்து மடக்கி, துணியோடு சேர்த்துக் கடவாயில் கொடுத்து மடக்கென்று ஒரு கடி. இரண்டாக உடைந்தது. ஒரு பாதியைத் தோழியின் வாயில் அவளே போட்டாள்.

"ஏட்டி, எச்சில் பண்ணிக் கொடுக்காத," என்று செண்பகவல்லி பழக்க தோஷத்தில் அதட்டினாள்.

"எச்சில் இல்லம்மா. காக்கா கடி!"

அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அவளே இதே பள்ளிக்கூடத்தில் இதே பதிலைச் சொல்லியிருக்கிறாள். நடுவில் துணி இருந்தால் எச்சில் ஆகாது. அது பிள்ளைகள் சட்டம், பெரியவர்களும் மறுத்துப் பேசியது கிடையாது. சிரித்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை மூடப் போனவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மகளின் சட்டை நுனியில், கடித்த இடத்தில், ஈரமாக இரண்டு ரோஸ் நிறப் பல் தடம். அவள் கையில் மிச்சம் இருந்த பாதி மிட்டாயின் வெல்லப் பூச்சிலும் அதே ரோஸ்.

"அடிப்பாவி மகளே!" என்றாள் செண்பகவல்லி. சாயம் துணியைத் தாண்டிப் போகுமானால் சாயத்தோடு இருக்கிற எச்சில் மட்டும் வாசலில் நின்று அனுமதி கேட்குமா?

ஆராய்ச்சி தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம் நிரப்பினார்கள். அதில் பதினான்காவது கேள்வி: 'பிறர் கடித்த பண்டத்தை உண்பது உண்டா?' இருநூறு பிள்ளைகளும் இல்லை என்றார்கள். இருநூறு தாய்மாரும் அடித்துச் சொன்னார்கள், எங்க பிள்ளை எச்சில் திங்காது என்று. யாரும் பொய் சொல்லவில்லை. அத்தனைக்கும் 'இல்லை' என்று கட்டத்தில் டிக் போட்டவள் செண்பகவல்லிதான், அவளும் பொய் எழுதவில்லை. கம்பெனி விஞ்ஞானிகள் டம்ளரையும் கரண்டியையும் சோதித்தார்கள். வெல்லப்பாகில் புதைந்து ஐந்து நொடிக்குள் அடுத்த வாய்க்குப் போகிற காக்கா கடியை எந்த ஊர் விஞ்ஞானி சோதிப்பான்?

அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனாள். யார் யாருக்குக் காக்கா கடி கொடுப்பது என்று கேட்டு, கொடுக்கிற பெயரிலிருந்து வாங்குகிற பெயருக்குக் கோடு இழுத்தாள். பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? தோழமை, சண்டை, பழம் விட்டது, காய் விட்டது எல்லாம் கொட்டின. டாக்டர் ஹெலனுக்குப் போன் போட்டாள். அவர் வந்து ஆறு சட்டை நுனியைக் கத்தரித்து ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்.

ஒரே ஒரு பெயருக்கு மட்டும் எந்தக் கோடும் வந்து சேரவில்லை. எண் நூற்றுப் பதினேழு, அன்னமயில், பச்சை மூடி. கிணறு வெட்டுகிற கூட்டத்தில் வேலை பார்க்கும் குடும்பம், ஜூன் மாதம்தான் இந்த ஊருக்கு வந்தார்கள்.

"அன்னமயிலுக்கு யாரு கொடுப்பீக?"

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் கவின்மலர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவ வாய் நாறும்மா. பல்லெல்லாம் மஞ்சளா இருக்கும். யாரும் பக்கத்துல உக்கார மாட்டோம்."

சன்னலுக்கு வெளியே, குழாயடித் திண்டில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து கொய்யா இலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். செண்பகவல்லிக்கு மகளை அறையலாம் போலக் கை ஓங்கியது. எட்டு வாரமாக அந்த எண்ணுக்கு நேரே நாலு, நாலு, நாலு என்று தானும்தான் எழுதி வந்தாள், ஒரு நாளாவது ஏன் என்று கேட்டாளா? அந்த நினைப்பில் கை தானாகத் தாழ்ந்தது.

வெள்ளிக்கிழமை அதே அறை, அதே மூன்று பேர். செண்பகவல்லி நோட்டை விரித்து வைத்தாள்.

"இது மஞ்சள் மூடிப் பிள்ளைக. இவுக யாருக்குக் கடிச்சுக் கொடுத்தாகளோ அவுகளுக்கு நாலாவது, அஞ்சாவது வாரத்துல மதிப்பெண் எறங்குது. அவுக கொடுத்த பிள்ளைகளுக்கு ஆறாவது வாரம். எம்மகளுக்கு ஏழாவது வாரம். தேதி வாரியாப் பாருங்க."

ரகோத்தமன் பார்த்தார். கெட்டிக்கார மனுஷர், சட்டென்று புரிந்துகொண்டார். ஆனாலும் விடவில்லை. "இதுக்கு ஏத்த மாதிரி நீங்களே கொடுத்திருக்கலாமே?"

"நான் இரக்கப்பட்டுக் கொடுத்திருந்தா எல்லாருக்கும்தான கொடுத்திருப்பேன்? இந்தா இந்தப் பிள்ளை, நூத்திப் பதினேழு. அன்னைக்கும் நாலு, இன்னைக்கும் நாலு. இருக்கிற இருநூறுல இவ வாய்தான் ரொம்ப மோசம். இரக்கப்படுறவ இவளையா விட்டிருப்பேன்?"

"சட்டைத் துணியில ஒட்டின வெல்லப் பிசுக்குக்குள்ள, காத்துப் படாம, உங்க ஜீவன் உயிரோட இருந்துச்சு, மிஸ்டர் ரகோத்தமன்," என்றார் டாக்டர் ஹெலன். "ஆறு துணியில அஞ்சுல. லேப் ரிப்போர்ட் இதோ." பிறகு செண்பகவல்லியின் பக்கம் திரும்பினார். "திங்கட்கிழமை நான் உனக்காகப் பேசியிருக்கணும் வல்லி. பேசாம இருந்தது என் தப்பு."

செண்பகவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பேர் பிழைத்தது. ஒரு சின்னப் பெண்ணைப் பள்ளிக்கூடமே ஒதுக்கி வைத்ததால் பிழைத்தது. அந்த எண்ணம் வந்ததும் அழுகை நின்றுவிட்டது.

ரகோத்தமன் மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "சரி. நான் சொன்னது தப்பு, மன்னிச்சிடுங்க. ஆனா இப்ப ஒரு சிக்கல். சிவப்பு மூடிக்காரங்க வாயில இது தங்காது, அவங்க கணக்கு தனி; ஒப்பிட்டுப் பார்க்க வச்சிருந்த மத்த நூறு பேரும் போயாச்சு. மிச்சம் இந்த ஒரு பொண்ணு. பதினாறாவது வாரம் வரைக்கும் இவ இப்படியே இருந்தா, அந்த எண்ணை வச்சு அனுமதி கேட்டுப் பார்க்கலாம். இல்லேன்னா வேற ஊர்ல முதல்லேருந்து. ரெண்டு வருஷம் போயிடும்."

"ஒரு பிள்ளையை வச்சா ஆராய்ச்சி?" என்றார் டாக்டர் ஹெலன்.

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஒண்ணு. ரெண்டு வருஷத்துல எத்தனை லட்சம் பிள்ளைங்களுக்குப் பல்லு சொத்தையாகும், அதையும் யோசிங்க டாக்டர். இவளுக்கு எட்டு வாரம். அவங்களுக்கு ஆயுசு பூரா." அவர் செண்பகவல்லியைப் பார்த்தார். "யாரும் இவளுக்கு எதையும் கடிச்சுக் கொடுக்காம நீங்க பார்த்துக்கணும். ஆராய்ச்சி முடியற வரைக்கும் பல் சுத்தம் செய்யவும் கூடாது, அது ஏற்கெனவே விதியிலயே இருக்கு."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் கஷ்டம். செண்பகவல்லி சாவியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை பெற்றோரைக் கூட்டினார்கள். டாக்டர் ஹெலன் எதையும் மறைக்காமல் மைக்கில் சொன்னார். உங்கள் பிள்ளைகள் வாயில் நீங்கள் சம்மதிக்காத ஒரு உயிர் இருக்கிறது. அது நல்லதுதான் செய்கிறது என்று நம்புகிறோம். இருந்தாலும் உங்களைக் கேட்காமல் வந்தது தப்பு. வேண்டாம் என்பவர்கள் சிவப்பு மூடி மருந்தால் மூன்று நாள் கொப்பளித்தால் அது செத்துப்போகும், புட்டி இங்கேயே தருகிறோம்.

முதலில் எழுந்தது பாக்கியம். ஆராய்ச்சியே வேண்டாம் என்று மகனைச் சேர்க்காமல் விட்ட அம்மா. "நான் கையெழுத்தே போடலையே! எம்மவன் வாயில உங்க பூச்சி எப்படி வரலாம்? அவன் தூங்கும்போது நான் அவனுக்கு முத்தம் கொடுக்கேன், எனக்கும் வந்திருக்குமா இல்லையா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு," என்றார் டாக்டர் ஹெலன்.

"நீங்க தூத்துக்குடிக்குப் போயிருவீக டாக்டரம்மா."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம் நேரே வந்து இரண்டு சிவப்புப் புட்டி வாங்கிக்கொண்டு போனாள். அவளோடு இன்னும் பதினெட்டுப் பேர் வாங்கினார்கள். வாங்காமல் போனவர்களும் முழு மனசோடு போனதாகச் சொல்ல முடியாது. பிள்ளை பல் வலியில் அழாமல் தூங்குகிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். கையெல்லாம் செம்மண் காய்ந்திருந்தது. அன்னமயிலின் அம்மா.

"தாயி, எல்லாப் பிள்ளைக்கும் அது ஒட்டிருச்சுன்னு சொன்னாக. எம்பிள்ளைக்கு மட்டும் ஒட்டலையாம். அவ ஒடம்புல ஏதும் கோளாறா?"

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். உங்க பிள்ளைக்கு யாரும் பாதி மிட்டாய் கொடுக்கவில்லை என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? "கோளாறெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்றாள். "பல்லைச் சுத்தம் பண்ணணும். அவ்வளவுதான். நான் பண்ணட்டுமா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. சொன்னது சொன்னதுதான். அன்றே அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டாக்டர் ஹெலனிடம் போய் நின்றாள்.

"டாக்டர், திங்கட்கிழமை அன்னமயிலுக்குப் பல் சுத்தம் பண்ணப் போறேன். ஒளிச்சுப் பண்ணலை. விதியை மீறினது செண்பகவல்லின்னு எழுதிக்கோங்க. அந்தப் பிள்ளை நாத்தத்தை நான் எட்டு வாரம் காவல் காக்க மாட்டேன்."

டாக்டர் ஹெலன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "செண்பகவல்லி மட்டும்னு எழுத முடியாது. நான்தான செய்யச் சொன்னேன்?"

"நீங்க எப்ப சொன்னீக?"

"இப்பத்தான்," என்றார் டாக்டர்.

புது உயிரும் இல்லை, புது மருந்தும் இல்லை. ஒரு சின்னக் கண்ணாடி, வளைந்த முனையுள்ள சுரண்டி, ஒரு கிண்ணம் தண்ணீர். மூன்று நாள், நாளைக்கு நாற்பது நிமிஷம். அன்னமயில் முதலில் உதட்டைத் திறக்கவே மறுத்தாள், கையால் மூடிக்கொண்டாள். "நாறும் டீச்சர்," என்றாள்.

"நாறட்டும். இதைவிட நாத்தமெல்லாம் பார்த்துத்தான் நான் சம்பளம் வாங்குறேன். ஆன்னு காட்டு."

கல்லாகக் கெட்டித்த காரை சிறு சிறு துண்டாக உதிர்ந்தது. ஈறில் ரத்தம் வந்தது, நின்றது. மூன்றாம் நாள் முடிந்ததும் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தாள். அன்னமயில் வெகுநேரம் பார்த்தாள். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து ஊதி முகர்ந்து பார்த்தாள். பிறகு வகுப்புக்கு ஓடினாள். செண்பகவல்லியும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இன்னாரோடு சேர், இன்னாருக்குக் கொடு என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டால் அதில் ஒட்டுதல் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் கவின்மலர் மட்டும் ஒருநாள் தானாகவே கேட்டாள், "அன்னமயிலு நல்லா கதை சொல்லுவாம்மா, கிணத்துக்குள்ள பாம்பு இருந்த கதை. உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே," என்றாள் செண்பகவல்லி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

பதினாறாவது வாரம் ரகோத்தமன் வந்தார். விதி மீறியதைக் கடிதத்திலேயே படித்திருந்தார், ஆனாலும் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். நூற்றுப் பதினேழாம் வாய் திறந்தது. சாயம் தடவிக் கொப்பளித்ததும் கேமரா படம் எடுத்தது. சுத்தம் செய்த பிறகு மூன்று வாரம் மெல்ல மெல்ல ஏறி இரண்டைத் தொட்ட மதிப்பெண், அதற்கடுத்த வாரங்களில் சரசரவென்று இறங்கியிருந்தது. இன்று அரை.

"யாரு கொடுத்தாங்க உனக்கு?" என்று கேட்டார்.

அன்னமயில் யோசித்தாள். "யாரு கொடுக்கலைன்னு கேளுங்க சார்," என்றாள்.

ரகோத்தமன் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படுவார் என்று செண்பகவல்லி எதிர்பார்த்தாள். அவர் களைப்பாகச் சிரித்தார். "போச்சு. இனிமே வேற ஊர்தான். ரெண்டு வருஷம்."

"இந்தத் தடவை முதல்லயே சொல்லிடுவோம்," என்றார் டாக்டர் ஹெலன். "இது பரவும்னு சொல்லி, ஊரையே கேட்டுட்டு ஆரம்பிப்போம். அந்தப் பாக்கியத்தம்மா போன வாரம் வந்து ஒரு சிவப்புப் புட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாங்க. 'இப்ப நீங்க கேட்டீக, நான் யோசிச்சேன், இருந்துட்டுப் போகட்டும்'னாங்க. முதல்லயே கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பாங்க. பையனோட அப்பா மட்டும் இன்னும் ஒத்துக்கலையாம்."

மத்தியான மணி அடித்தது. ரகோத்தமன் பையை மாட்டிக்கொண்டு வராந்தாவில் இறங்கினார், சாயங்கால ரயிலில் சென்னை திரும்ப வேண்டும். குழாயடித் திண்டில் இடமில்லாமல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அன்னமயில். அவள் சட்டை நுனி முழுக்க ரோஸ் நிறம், ஒன்றல்ல, ஏழெட்டுப் பல் தடம். அவளும் இப்போது கொடுக்கிறவள் ஆகியிருந்தாள். கடலைமிட்டாயைத் துணிக்குள் வைத்து மடக்கென்று உடைத்தவள், எதிரே நின்ற ரகோத்தமனைப் பார்த்ததும் பாதியை நீட்டினாள்.

"இந்தாங்க சார். எச்சில் இல்ல, காக்கா கடி."

செண்பகவல்லியோடு பின்னால் வந்த டாக்டர் ஹெலன் குறுக்கிட்டார். "ரகோத்தமன், அது என்னன்னு உங்களுக்கே தெரியும். உங்க வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"தெரியும் டாக்டர். பெரியவளுக்கு நாலு பல்லு அடைச்சாச்சு." அவர் அன்னமயில் நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை இந்தப் பெண்ணுக்கு யாரும் கொடுக்கக் கூடாது என்று சொன்ன மனுஷர் அவர். அது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும், முகம் அப்படி மாறியது. "செண்பகவல்லி மேடம், முதல்ல அந்தப் படிவத்தைக் கொடுங்க. என் வீட்டுக்காரிக்கும் போன்ல சொல்லிடறேன், அவளும் சரின்னு சொல்லட்டும்."

பெற்றோர் கூட்டத்துக்குப் பிறகு சம்மதம் வாங்கப் புதிதாக அச்சடித்த படிவம் அது. வராந்தாத் தூணில் வைத்துப் பெயர், வயது எல்லாம் எழுதினார். போனில் மனைவியோடு ஐந்து நிமிஷம் பேசினார், நடுவில் இரண்டு தடவை தலையில் அடித்துக்கொண்டார், பிறகு சிரித்தார். பதினான்காவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது. அந்தக் கேள்வியை மட்டும் செண்பகவல்லி மாற்றி எழுதியிருந்தாள்: 'நீங்கள் யாருக்காவது காக்கா கடி கொடுப்பது உண்டா? உங்களுக்கு யாராவது கொடுப்பது உண்டா?'

முதல் கேள்விக்கு 'இன்னும் இல்லை' என்று எழுதினார். இரண்டாவது கேள்விக்கு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்னமயிலின் கையிலிருந்த பாதி மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.